இடம்பெயர்ந்த ஊர்ப்பெயர்

ஓரிடத்தில் ஏற்கெனவே வழங்கிவரும் ஊர்ப்பெயரையோ நாட்டுப்பெயரையோ வேறோர் இடத்துக்கு இடுவதால் உண்டாகும் பெயர் இடம்பெயர்ந்த ஊர்ப்பெயர் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன், ஏதென்ஸ், மெம்பிஸ், கெய்ரோ ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. காசியின் பெயரைத் தாங்கும் தென்காசி இதற்குத் தமிழக எடுத்துக்காட்டு ஆகும். தமிழ்நாட்டின் வடகிழக்கு மூலையில் அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலும் இவ்வாறு வந்த பெயர்கள் உண்டு. அவற்றுள் சில இன்றும் வழங்குகின்றன. சில ஏடுகளில் மட்டும் எஞ்சியுள்ளன.

ஓர் இடத்துக்குப் பெயரிடுபவர் அரசராகவோ, வணிகராகவோ, அடியாராகவோ இருக்கலாம். அப்பெயர் நிலைப்பதும் மறைவதும் அங்கே வாழ்ந்து அதை நாள்தோறும் வழங்கும் மக்களைப் பொறுத்தே அமைகின்றன. ஒரே நூற்றாண்டில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பழவேற்காட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வட அமெரிக்காவிலும் இட்ட பெயர்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

பெயர்கள் இடம்பெயரும் வழிகள்

ஊர்ப்பெயர்கள் பின்வரும் வழிகளில் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செல்கின்றன.

குடியேற்றம்: புதிய நிலத்தில் குடியேறுவோர் தம் சொந்த ஊரின் பெயரை அந்நிலத்துக்கு இடுவர். இங்கிலாந்தின் லிங்கன்சயர் பகுதியில் பாஸ்டன் என்னும் ஊர் உள்ளது. 1630இல் அமெரிக்காவில் குடியேறியோர் அப்பெயரையே தம் புதிய ஊருக்கு இட்டனர்.

வழிபாடு: தொலைவில் உள்ள திருத்தலத்தின் பெயரை அருகில் உள்ள ஊருக்கு இடுவது இது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுப்பித்த ஊர் தென்காசி ஆயிற்று. தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயா, இராமாயண அயோத்தியின் பெயரைக் கொண்டது.

ஆட்சி: அலுவலர்கள் தம் தாய்நாட்டு ஊர்களின் பெயர்களையோ, தம் தலைவர்களின் பட்டப்பெயர்களையோ இடுவர்.

வணிகம்: ஊரின் பெயர் அங்கிருந்து செல்லும் சரக்குக்கு ஆகி, பின்னர் அச்சரக்கின் வழியாக வேறோர் ஊருக்கு ஆவதும் உண்டு.

ஒப்புமையும் பெருமையும்: நில அமைப்பில் கண்ட ஒற்றுமை கருதியோ, பழம்பெரும் நகரங்களின் புகழைக் கருதியோ பெயரிடுவது இது.

திருவள்ளூர் மாவட்டத்தில்

முந்தைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் பிரிக்கப்பட்டபோது திருவள்ளூர் மாவட்டம் உருவானது. வடக்கே ஆந்திரப் பிரதேச எல்லையில் கும்மிடிப்பூண்டியும், கிழக்கே கடலையும் ஏரியையும் ஒட்டிப் பழவேற்காடும், தெற்கே சென்னையை நோக்கி மீஞ்சூரும் அமைந்துள்ளன.

மீஞ்சூர்

மீஞ்சூருக்கு வடகாஞ்சி என்னும் சிறப்புப்பெயர் உண்டு. காஞ்சிபுரத்தில் உள்ளவை போலவே இங்கும் ஏகாம்பரநாதருக்கும் வரதராசப் பெருமாளுக்கும் கோயில்கள் உள்ளமையே இதற்குக் காரணம். எனினும் ஊரின் வழக்குப் பெயர் மாறவில்லை. தொடருந்து நிலையத்திலும் பேருந்துகளிலும் அஞ்சலகத்திலும் மீஞ்சூர் என்பதே வழங்குகிறது. வடகாஞ்சி என்பது கோயிலைச் சார்ந்து வழங்கும் பெயராக நிற்கிறது. இவ்வாறு இரவல் பெயரும் சொந்தப் பெயரும் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே வாழ்வது தமிழகத்துத் திருத்தலப் பெயர்களில் காணக்கூடிய இயல்பாகும்.

கெல்திரியாக் கோட்டை

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியினர் 1610இல் பழவேற்காட்டில் வணிக நிலையம் அமைக்க விசயநகர அரசரிடம் இசைவு பெற்றனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அந்நிலையத்தைத் தாக்கி அழித்தனர். எனவே 1613இல் அங்கே ஒரு கோட்டை கட்டப்பட்டது. அதற்குக் கெல்திரியா என்று பெயரிட்டனர். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரே இவ்வாறு வழங்கியது. அப்போது இங்குத் தலைமை அலுவலராக இருந்த வெம்மர் வான் பெர்க்கெம் அம்மாகாணத்தைச் சேர்ந்தவர்.

1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக இக்கோட்டையே விளங்கியது. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் போரிட்ட காலங்களில் பழவேற்காடு பலமுறை கைமாறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் ஊர் முழுமையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை நின்ற இடம் இன்று புதர் மண்டிய மேடாக உள்ளது. அருகில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்குள்ள கற்களில் ஒல்லாந்து மொழி எழுத்துகளைக் காணலாம்.

கெல்திரியா என்பது கோட்டையின் பெயராக மட்டுமே இருந்தது. ஊரைக் குறிக்க ஒல்லாந்தர்களே "பலியகட்டா" என்று எழுதினர். இது பழவேற்காடு என்னும் தமிழ்ப் பெயரின் திரிபு ஆகும். ஆங்கிலத்தில் வழங்கும் புலிக்காட் என்பதும் அவ்வாறு திரிந்ததே. கோட்டைக்குள் இருந்தோர் கம்பெனி அலுவலர்களும் படைவீரர்களும் ஆவர். நெசவாளரும் மீனவரும் வணிகரும் கோட்டைக்கு வெளியே வாழ்ந்தனர். அவர்களது வழக்கில் கெல்திரியா இடம் பெறவில்லை. சுவர்கள் வீழ்ந்தபோது பெயரும் உடன் வீழ்ந்தது.

பக்கிங்காம் கால்வாய்

பழவேற்காடு ஏரி வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் பெயரும் இங்கிலாந்து ஊர் ஒன்றிலிருந்து வந்ததே. ஆயினும் அது நேராக வரவில்லை. 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன் என்னும் பட்டம் பெற்றவர். 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கால்வாய்ப் பணிகள் நடைபெற்றன. அதனையொட்டி அவரது பட்டப்பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. ஊரின் பெயர் பட்டமாகி, பட்டம் கால்வாயின் பெயராயிற்று. நியூயார்க் நகரின் பெயரும் இதே முறையில் அமைந்ததே. இங்கிலாந்தின் யார்க் நகரின் பெயர் யார்க் கோமகனின் பட்டமாக இருந்து, அவர் வழியாக அந்நகருக்குச் சென்றது.

ஒரே நூற்றாண்டு, மூன்று நிலங்கள்

பழவேற்காட்டில் கெல்திரியாவைக் கட்டிய ஒல்லாந்தர் அதே 17ஆம் நூற்றாண்டில் இலங்கையிலும் வட அமெரிக்காவிலும் தம் ஊர்ப்பெயர்களை இட்டனர். ஆனால் அப்பெயர்கள் அடைந்த முடிவுகள் வேறுபட்டவை.

யாழ்ப்பாணத் தீவுகள்

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே உள்ள தீவுகளுக்கு நெதர்லாந்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர்.

நெடுந்தீவு – டெல்ஃப்ட்
வேலணைத்தீவு – லைடன்
காரைதீவு (இன்றைய காரைநகர்) – ஆம்ஸ்டர்டாம்
புங்குடுதீவு – மிடில்பர்க்
நயினாதீவு – ஹார்லெம்

இவற்றுள் ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், மிடில்பர்க் ஆகியவை ஒல்லாந்தக் கம்பெனியின் ஆறு கிளை அவைகள் அமைந்திருந்த நகரங்களைச் சேர்ந்தவை. தீவு மக்கள் இப்பெயர்களைத் தம் பேச்சில் ஏற்கவில்லை. ஏறத்தாழ 140 ஆண்டுகள் நீடித்த ஒல்லாந்தர் ஆட்சி முடிந்த பின்னர் அவற்றுள் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்திலும் அரசு நிர்வாகத்திலும் இன்றுவரை நிலைத்துள்ளது. அத்தீவுக்கும் தமிழில் நெடுந்தீவு என்பதே பெயர்.

நியூயார்க்

வட அமெரிக்காவின் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் 1625இல் ஒல்லாந்தர் ஆம்ஸ்டர்டாம் கோட்டையைத் தொடங்கினர். அதனைச் சூழ்ந்து வளர்ந்த ஊர் நியூ ஆம்ஸ்டர்டாம் எனப்பட்டது. 1664இல் அதைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் நியூயார்க் என்று பெயர் மாற்றினர். 1673இல் மீண்டும் அதைப் பிடித்த ஒல்லாந்தர் நியூ ஆரஞ்சு எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. நியூயார்க் என்னும் பெயரும் திரும்பியது.

தலைநகரின் பெயர் மாறினாலும், சுற்றியிருந்த சிற்றூர்களின் ஒல்லாந்துப் பெயர்கள் அழியவில்லை. ஹார்லெம் இன்றும் ஹார்லெம் ஆகவே உள்ளது. பிரூக்கெலன் என்பது புரூக்ளின் ஆயிற்று. விலிசிங்கன் என்பது அதன் ஆங்கில வடிவமான பிளசிங் என வழங்குகிறது. அங்கே ஒல்லாந்துக் குடும்பங்கள் நிலம் உழுது, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. கொடி மாறிய பின்னும் அவர்கள் ஊரை விட்டு நீங்கவில்லை. ஊரின் பெயரையும் விடவில்லை. அதேபோல் ஐரோப்பியர் வருகைக்கு முன் அங்கு வாழ்ந்த லெனாபே மக்களின் மொழியில் அமைந்த மன்ஹாட்டன் என்னும் பெயரும் இரண்டு ஆட்சிகளைக் கடந்து நிற்கிறது. ஆனால் அம்மக்களில் பெரும்பாலோர் அந்நிலத்திலிருந்து அகற்றப்பட்டனர்.

நியூயார்க்கின் ஹார்லெம் 1658இல் நிறுவப்பட்டது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் அதே ஆண்டிலேயே ஆகும். ஒரே நெதர்லாந்து நகரின் பெயர் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு இடங்களுக்குச் சென்றது. ஓரிடத்தில் அது உலகறிந்த பெயராயிற்று. நயினாதீவில் அப்படி ஒரு பெயர் இருந்ததை இன்று வரலாறு படிப்போரே அறிவர்.

துணியின் வழியாகச் சென்ற பெயர்கள்

சோழமண்டலக் கரையிலிருந்து வெளிநாடுகளுக்குச் சென்ற முதன்மைச் சரக்கு பருத்தித் துணி ஆகும். துணி புறப்பட்ட துறைமுகத்தின் பெயரே துணிக்கும் ஆயிற்று. பழவேற்காட்டிலிருந்து சென்ற வண்ணக் கைக்குட்டைத் துணி ஆங்கிலத்தில் "புல்லிகேட்" எனப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதி நெசவாளர்களும் அதைப் போன்ற துணியை நெய்து அப்பெயரிலேயே விற்றனர். சென்னையிலிருந்து சென்ற கட்டம் போட்ட துணி "மெட்ராஸ்" எனப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் அது பெருமளவு விற்பனையானது. மார்தினிக்கு, குவாதலூப்பு தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் துணிக்கு இன்றும் மெட்ராஸ் என்றே பெயர்.

ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெபர்சன் மாவட்டத்தின் தலைமை ஊராக உள்ளது மெட்ராஸ் நகரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு மனை பிரித்தவரின் பெயரையொட்டிப் பால்மெயின் என்ற பெயரே முதலில் முன்மொழியப்பட்டது. வேறோர் அஞ்சலகத்தின் பெயரை அது ஒத்திருந்ததால் அஞ்சல் துறை ஏற்கவில்லை. அப்போது கடையில் இருந்த ஒரு துணிச் சுருளின் மேல் எழுதியிருந்த மெட்ராஸ் என்னும் சொல்லைத் தேர்ந்தெடுத்தனர் என்பது பரவலாகக் கூறப்படும் காரணம். இந்திய நகரின் பெயரையே நேராக எடுத்தனர் என்பாரும் உளர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்குச் சுமார் 7,500 மக்கள் வாழ்ந்தனர். 2017 ஆகஸ்டு 21 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பெருந்திரளானோர் அங்குக் கூடியதால் அவ்வூர் செய்திகளில் இடம்பெற்றது.

மூல நகரின் பெயர் 1996இல் அலுவல் முறையில் சென்னை என மாற்றப்பட்டது. ஒரிகனில் உள்ள ஊரின் பெயர் மாறவில்லை. மூலம் கைவிட்ட பெயரை வழிவந்த ஊர் காத்து வருவது இங்குக் குறிப்பிடத்தக்கது.

மெட்ராஸ் என்னும் பெயர் மக்களோடும் பயணம் செய்துள்ளது. இந்தோனேசியாவின் மேடான் நகரில் கம்போங் மட்ராஸ் என்னும் பகுதி உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்யச் சென்ற தமிழர்களின் குடியிருப்பு அது.

ஐக்கிய அமெரிக்காவின் பிற ஊர்கள்

ஐக்கிய அமெரிக்காவில் இரவல் ஊர்ப்பெயர்கள் மிகுதியாக இருப்பதற்குச் சில காரணங்கள் உள்ளன. குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கான புதிய ஊர்கள் தோன்றின. ஒவ்வோர் ஊருக்கும் அஞ்சலகம் வேண்டியிருந்தது. ஒரே மாநிலத்தில் இரண்டு அஞ்சலகங்களுக்கு ஒரே பெயர் இருத்தல் ஆகாது. எனவே உலகப் படத்திலும் பழைய வரலாற்று நூல்களிலும் பெயர்களைத் தேடினர்.

டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் 1819இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைக்கப்பட்டது. நைல் ஆற்றங்கரையில் இருந்த பண்டைய எகிப்திய நகரை நினைந்து இப்பெயர் இடப்பட்டது. மிசிசிப்பியும் ஒகையோவும் கூடுமிடத்தில் உள்ள கெய்ரோவும் இத்தகையதே. ஜார்ஜியா மாநிலத்தின் பல்கலைக்கழக ஊர், கல்விக்குப் பெயர்பெற்ற கிரேக்க நகரைப் பின்பற்றி ஏதென்ஸ் ஆயிற்று. புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், அங்கு இருப்புப்பாதை கொண்டுவந்த பீட்டர் டெமன்ஸ் என்னும் உருசியரால் தம் தாய்நாட்டு நகரின் பெயரைப் பெற்றது.

ஒரிகனின் பெரிய நகரான போர்ட்லாந்தின் பெயர் 1845இல் நாணயம் சுண்டி முடிவு செய்யப்பட்டது. நில உரிமையாளர் இருவரில் ஒருவர் பாஸ்டன் என்றும், மற்றவர் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தின் பெயரை இட வேண்டும் என்றும் விரும்பினர். இரண்டாமவர் வென்றார். மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தே இங்கிலாந்தின் போர்ட்லாந்திலிருந்து பெயர் பெற்றதாகும். இவ்வாறு ஒரு பெயர் இருமுறை இடம்பெயர்ந்தது.

இடம்பெயர்ந்த பெயர்கள் காலப்போக்கில் உள்ளூர் ஒலிப்பைப் பெறுகின்றன. நியூயார்க் மாநிலத்தில் உள்ள டெல்லியை அவ்வூரார் "டெல்-ஹை" என்பர். ஒரிகன் மக்கள் மெட்ராசை முதல் அசையை அழுத்தி "மேட்ரஸ்" என ஒலிப்பர். இதைப் பிழை எனக் கொள்ளுதல் பொருந்தாது. பெயர் அம்மண்ணுக்கு உரியதாகிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம்.

உறவில்லாத ஒற்றுமைகள்

இரண்டு ஊர்ப்பெயர்கள் ஒத்திருப்பது மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததற்குச் சான்றாகாது. ஒரிகன் மாநிலத் தலைநகரின் பெயரும் தமிழ்நாட்டின் சேலமும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் உடையவை. ஆனால் ஒரிகனின் ஊர்ப்பெயர் விவிலியத்தில் வரும், அமைதி எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுச் சேலத்துக்கு அதனுடன் தொடர்பில்லை. ஒரே மாநிலத்தில் உள்ள மெட்ராசுக்குத் தமிழகத் தொடர்பு உண்டு என்பதைக் கொண்டு, சேலத்துக்கும் உண்டு என்று முடிவு செய்தல் தவறாகும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடிக்கு அருகில் உள்ள திருமுல்லைவாயில் மற்றோர் எடுத்துக்காட்டு. சீர்காழிக்கு அருகிலும் ஒரு திருமுல்லைவாயில் உண்டு. முன்னது சுந்தரர் பாடல் பெற்றது. பின்னது சம்பந்தர் பாடல் பெற்றது. வேறுபடுத்துவதற்காக அவை வடதிருமுல்லைவாயில், தென்திருமுல்லைவாயில் எனப்படுகின்றன. முல்லைக் கொடி இரண்டு இடங்களிலும் தனித்தனியே பெயர் தரவல்லது. மீஞ்சூரின் வடகாஞ்சி என்பதில் உள்ள "வட" ஒப்புமையைக் காட்டுகிறது. வடதிருமுல்லைவாயிலில் உள்ள "வட" திசையால் பிரித்தறியவே பயன்படுகிறது.

புதிய குடியிருப்புகள்

தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகமாகிய சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் இக்கழகத்தின் தொழிற்பேட்டை உள்ளது. அங்கே சிப்காட் என்னும் சுருக்கப்பெயர் இடத்தைக் குறிக்கும் பெயராகவே வழங்குகிறது. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் பலர் இத்தொழிற்பகுதிக்கு வந்துள்ளனர். வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கி வேலை செய்து ஊர் திரும்புவோர்க்குத் தம் ஊர்ப்பெயரை இங்கே ஊன்றும் வாய்ப்பு இல்லை.

1983 முதல் பல கட்டங்களாக வந்த இலங்கைத் தமிழர்களுக்காகத் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட முகாம்களுள் பெரியவற்றுள் ஒன்றும் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. அங்குப் பிறந்தவர்கள் வளர்ந்து தாமும் பெற்றோராகும் அளவுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆயினும் அக்குடியிருப்பு முகாம் என்றே அழைக்கப்பட்டு வருகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு "இலங்கை அகதிகள் முகாம்" என்னும் பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என மாற்றியது. அகதி என்னும் சொல் நீங்கியது. முகாம் என்னும் சொல் நின்றது.

பாஸ்டனிலும் ஹார்லெமிலும் குடியேறியோர் நிலத்தைத் தமதாகக் கொண்டனர். அதனால் தம் ஊர்ப்பெயரை அங்கு இட முடிந்தது. நிலத்தில் உரிமையில்லாதோர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அவர்களது ஊர்ப்பெயர் நிலப்படத்தில் ஏறுவது அரிது. இதனால் ஓர் இடத்தின் பெயர்களை மட்டும் கொண்டு, அங்கு யார் யார் வாழ்ந்தனர் என்று முழுமையாக அறிய இயலாது.

பெயர்க்காரணம் ஆராயும் முறை

ஓர் ஊரின் பெயர் வேறிடத்திலிருந்து வந்ததா என்று அறிய விரும்பும் மாணவர்கள் பின்வரும் வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம்.

அப்பெயர் முதன்முதலில் எந்த ஆவணத்தில், எந்த ஆண்டில் காணப்படுகிறது?
மூல ஊருக்கும் இவ்வூருக்கும் இடையே சென்றவர் யார், அல்லது சென்ற பொருள் எது?
உள்ளூர் மொழியிலேயே அப்பெயருக்குப் பொருள் உண்டா?
அலுவல் ஏடுகளில் உள்ள பெயரும் மக்கள் பேச்சில் உள்ள பெயரும் ஒன்றா?

கடைசி வினாவுக்கு விடை காண உள்ளூர் முதியோரிடம் கேட்டறிதல் பயன்தரும். பழவேற்காட்டில் கெல்திரியா எங்கே என்று கேட்பதைவிடக் கோட்டை இருந்த இடம் எது என்று கேட்டால் எளிதில் வழி கிடைக்கும்.

இவற்றையும் பார்க்க

பழவேற்காடு
மீஞ்சூர்
நெடுந்தீவு
தென்காசி
பக்கிங்காம் கால்வாய்